அந்தச் சொல்லுக்கு மூன்று பேர் வேண்டும்

பயிற்சி பதினேழு:
மல்டிலேட்டரல் என்ற சொல்லை வைத்து
அன்றாட வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

அன்றாட வாழ்க்கையில்
எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது
குப்பைக் கூடையில்.
ஜெனீவாவில், மாநாட்டுக் கட்டடத்தின் ஏழாம் மாடியில்,
இரவு பத்துக்கு மேல் நான் காலி செய்யும் தாள்களில்
பாதிக்கு நெற்றியில் அதுதான் எழுதியிருக்கும்,
காப்பிக் கறை பொட்டு வைத்த மாதிரி.

ஒன்று:
என் நிலக்கடலைச் சூப் மல்டிலேட்டரல்.
எத்தனை காய் போடுகிறேன் அதில்!
புத்தகத்தின் அடிக்குறிப்பு சின்ன எழுத்தில் சொன்னது:
மூன்றோ அதற்கு மேலோ தரப்புகள்
கூடிச் செய்யும் காரியத்துக்கே இச்சொல்.
பலவும் கலந்திருப்பதற்கு அல்ல.
சரிதான்.
கேரட்டும் உருளைக்கிழங்கும்
பேசி வைத்துக்கொண்டா வேகின்றன?
அழித்தேன்.

இரண்டு:
என் கொழுந்தன் ருஃபினோ மல்டிலேட்டரல் மனிதன்.
ஆளுக்கொரு முகம் வைத்திருப்பவனை
வேறு என்னவென்று சொல்ல?
ஆனால் இந்தச் சொல் ஆள்மேல் உட்காராதாம்.
பேச்சுவார்த்தை, உடன்பாடு, ஒப்பந்தம்
இவற்றின் முன்னால் மட்டும் போய் நிற்குமாம்,
கல்யாண ஊர்வலத்தில் விளக்குப் பிடிப்பவன் போல.
அழிக்க மனமில்லை. அழித்தேன்.

மூன்று:
எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
ஐந்து வீட்டுக்கு ஒரே சலவை இயந்திரம்.
நாலாம் மாடி ஆர்ப்னோராவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்த வாரம்
படிக்கட்டில் நின்றபடியே பேசினோம்.
டெஸ்ஃபாலெம் தன் வியாழக்கிழமையை விட்டுக்கொடுத்தார்.
லூர்டிஷ் பாதிச் சனிக்கிழமையை அவருக்குக் கொடுத்தாள்.
மதாம் பெர்தூ பேனா கொடுத்தார்;
கையெழுத்தை மூன்று நாள் யோசித்துப் போட்டார்.
எழுதினேன்:
சலவை இயந்திரம் பற்றி எங்கள் கட்டடத்தில்
ஒரு மல்டிலேட்டரல் ஒப்பந்தம் இருக்கிறது.
சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.
ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

நான்கில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கை தட்டினால் ஓசை வராதாம்.
எலிசேயோ விமான டிக்கெட்டை மேசையில் அறைந்தபோது
வந்தது.
கோச்சபம்பாவுக்கு. ஒருவழி. மூன்று பேருக்கு.
அது யூனிலேட்டரல்.
முந்தைய பயிற்சியிலேயே படித்துவிட்டேன்.
அதற்குப் பிறகு பதினொரு இரவுகள்
அவனும் நானும் சமையலறையில்,
மகளுக்குக் கேட்கக் கூடாதென்று
குழாயைத் திறந்துவிட்டுப் பேசியது
பைலேட்டரல்.
ஆக நான்காம் வரி காலியாகவே கிடந்தது.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
பேச்சு அவன் அம்மாவிடம் போய்,
என் சம்பளத்துக்குத் திரும்பி,
மறுபடி அவன் அம்மாவிடம் வந்தபோது
கதவு திறந்தது.
நைரா. ஒன்பது வயது.
குளியலறை முக்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.
நீச்சல் வகுப்பு அட்டையின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டு வந்திருந்தாள்:

பள்ளி முடிய ஜூன் ஆகும்.
அங்கே போனால் என் அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.
என்னைக் கேட்காமல் என் பெயரில் டிக்கெட் வாங்கக் கூடாது.
குழாயைத் திறந்துவிட்டுப் பேசாதீர்கள்,
எனக்கு எல்லாம் கேட்கிறது,
தண்ணீருக்கும் காசு.

எலிசேயோ எழுந்து போய்க்
குழாயை மூடினான்.
அந்த அமைதியில்
நிலவறை இயந்திரம் சுற்றுவதுகூடக் கேட்டது.
வியாழன் அல்ல, செவ்வாய்.
யாரோ ஒப்பந்தத்தை மீறுகிறார்கள்.
போகட்டும்.

அவர்கள் தூங்கிய பின் நோட்டைத் திறந்தேன்.

நான்கு:
எங்கள் வீட்டில் இன்றிரவு
மல்டிலேட்டரல் பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஐந்து:
அது இன்னும் முடியவில்லை;
அடுத்த அமர்வு ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்குப் பிறகு.

ஐந்தாவதில் அந்தச் சொல்லே இல்லை என்பதை
விளக்கை அணைத்த பிறகுதான் கவனித்தேன்.